மொட்டுச் சொட்டும் பாதி வெட்டிய தலையும்

பிப்ரவரி 18, புதன்

விரலெல்லாம் பூனை மூத்திர வாடை. எனக்கு வருஷம் இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது.

கஸிஸ் செடியின் மொட்டைக் கிள்ளினால் அப்படித்தான் நாறும். அதே செடியின் கறுப்புப் பழத்தில் மது செய்து ஊரே மயங்குகிறது, மொட்டை மோந்து பார்க்கச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் சொல்வது பூமொட்டு இல்லை. இலை விரிவதற்கு முன்னால் கணுவில் திரண்டு நிற்குமே, அது. இன்னும் ஒரு வாரம் விட்டால் விரிந்துவிடும். விரிந்தால் வெறும் இலை, எனக்கு வேண்டாம்.

நுனி மொட்டைத் தொடாமல் பக்க மொட்டுகளை மட்டும் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி, செடியடியிலேயே ஜாடியில் போட்டேன். ஜாடியில் சாராயம், தேன், தண்ணீர். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் மொட்டு வாடிவிடும். குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று. ஜாடிகள் இப்போது என் பழைய சலூன் அலமாரியில், முடிச்சாயப் புட்டிகள் இருந்த தட்டில். மூன்று வாரம் இருட்டில் ஊறட்டும், பிறகு வடித்தால் மொட்டுச் சொட்டு. அதுவரை போன வருஷத்துச் சரக்குதான் சந்தைக்கு.

பிப்ரவரி 21, சனி

இன்றைக்கு சந்தையில் என் வாயைக் கட்டிப்போட்டார்கள்.

வெயில் வந்து கூட்டம் சேர்ந்த நேரம். நீல ஸ்கார்ஃப் கட்டிய சின்ன வயசுப் பெண் ஒருத்தி என் கடைமுன் நின்று ஒவ்வொரு புட்டியாக எடுத்துப் பார்த்தாள். லிண்டன் மொட்டுச் சொட்டைத் தூக்கி, "இது எதுக்கு மதாம்?" என்றாள். "தூக்கம் வராம புரள்றவங்களுக்கு" என்றேன். அத்திமொட்டுப் புட்டியைக் காட்டினாள். "கவலை வந்தா வயித்தைப் பிசையுமே, அதுக்கு" என்றேன். உடனே பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள். பெயர் தெல்மாஸ். தீஜோன் நகரத்திலிருந்து வந்த அரசாங்கப் பரிசோதகர்.

"நீங்க விக்கலாம் மதாம், அதுக்குத் தடையில்ல. எதுக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"அப்ப வாங்கறவங்க எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?"

"அதை நான் பார்க்க முடியாது, மதாம்."

"தூக்கம்னு சொல்லலாமா?"

"கூடாது."

"வயிறு?"

"கூடாது. மருந்துங்கற வார்த்தை கூடவே கூடாது."

"நான் எப்பவும் சொட்டுன்னுதான் சொல்றேன்!"

"நல்லது. அதோட நிறுத்திக்குங்க. இன்னொரு தடவை கேட்டேன்னா இந்தச் சந்தையில உங்க இடம் போயிடும்."

குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி விற்கும் சில்வேன் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். அவள் போனதும், "மதாம் ரெஜின், உங்களைப் பேசக் கூடாதுன்னு சொல்றதும் என்னைக் குளிக்கக் கூடாதுன்னு சொல்றதும் ஒண்ணா? எனக்குக் கஷ்டமே இல்ல, உங்களுக்கு உயிர் போயிடுமே" என்றான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்னும் ஆறவில்லை.

முப்பது வருஷம் இந்த ஊர்த் தலைகளை வெட்டினேன். கத்தரி பாதி வேலை செய்தது, வாய் மீதியைச் செய்தது. இப்போது வாயை மூடு என்கிறார்கள். நான் யாரையாவது ஏமாற்றினேனா? புற்றுநோய் போகும், கண் தெரியும் என்று எப்போதாவது சொன்னேனா? வேலியோரம் வெள்ளையாகப் பூக்கும் முள்மரத்தின் மொட்டு, வெண்முள் என்போம், அதை யார் வாங்கினாலும் ஒரே மூச்சில் நான் சொல்வது இதுதான்: "நெஞ்சு படபடன்னு அடிச்சா நல்லது, டாக்டர் மாத்திரை குடுத்திருந்தா அதை விட்டுடாதே, அவரைக் கேட்டுக்கிட்டு அதோட கூடத்தான் இது." இதில் எந்த வார்த்தை குற்றம்? சொல்லட்டும்.

பீட்ஸா விற்கிறவன் "வயிறு நிறையும்" என்று சொல்லலாமாம். நான் சொல்லக் கூடாதாம்.

பிப்ரவரி 28, சனி

ஹா!

ராத்திரி முழுக்க யோசித்ததற்குப் பலன். வாயைத்தானே கட்டினார்கள், கையைக் கட்டவில்லையே.

முதலில் வந்தவர் தபால்காரர். "இது எதுக்கு ரெஜின்?" என்று லிண்டனைக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் குறட்டை விட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், ஒரு புட்டி வாங்கினார். அத்திக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்து, பிறகு தடவி, பிறகு புன்னகை. வெண்முள்ளுக்கு நெஞ்சில் கை வைத்துப் படபடவென்று விரலால் தட்டி, மெல்ல மெல்ல நிறுத்தி, பெருமூச்சு. கூட்டம் கூடிவிட்டது. சில்வேன் என் பக்கத்தில் நின்று, "அடுத்தது பாருங்க, கஸிஸ்! சிரமமான நடிப்பு!" என்று கூவினான்.

கஸிஸுக்குத் தூங்குகிறவள் துள்ளி எழுந்து ஓடுவதுபோல் செய்தேன். அதைக் காலையில்தான் குடிக்க வேண்டும் என்பது இந்த ஊருக்கு இன்னும் ஏறவில்லை. கஸிஸ் என்றாலே இவர்களுக்குச் சாயங்கால வெள்ளை ஒயினில் கலப்பதுதான். என் சொட்டையும் அதிலேயே விட்டுக் குடிக்கிறார்கள், பிறகு விடிய விடிய முழித்திருக்கிறார்கள், பிறகு வந்து லிண்டன் வாங்குகிறார்கள். "ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான் லாபம்" என்றான் சில்வேன். உதைத்தேன்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யோலாந்த். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாங்கள். பிறகு அவள் அதே பள்ளியில் சமைத்தாள், நான் அவள் தலையை வெட்டினேன், இன்றைக்கும் என் சமையலறையில் உட்கார வைத்து வெட்டுகிறேன். "இன்னொரு தடவை காட்டுடி அந்த நெஞ்சை!" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு இரண்டு புட்டி வெண்முள் வாங்கிக்கொண்டு போனாள்.

வரட்டும் அந்த தெல்மாஸ். என் கைக்கு என்ன சட்டம் வைத்திருக்கிறாள் பார்க்கலாம்.

மார்ச் 7, சனி

கொண்டுபோனது எல்லாம் விற்றது. பேச்சு ஒரு வார்த்தை இல்லை. தொண்டைக்கு விடுமுறை, தோளுக்கு வலி.

மார்ச் 12, வியாழன்

கஸிஸை வடிகட்டியாயிற்று. நல்ல கரும்பச்சை. வெண்முள் மொட்டுப் பறித்ததில் புறங்கையெல்லாம் கீறல்.

ரொட்டிக்கடை வரிசையில் டாக்டர் வியாலார் முன்னால் நின்றார். "மதாம் ரெஜின், உங்க கை இப்பல்லாம் ரொம்பப் பேசுதாமே" என்றார். "வாய்க்குத்தானே டாக்டர் தடை" என்றேன். "செடித் தண்ணிதானே, யாருக்கும் கெடுதல் இல்லேன்னு நானும் விட்டுட்டேன். ஆனா ஜாக்கிரதை" என்றார். செடித் தண்ணியாம்! அவர் மனைவி வருஷாவருஷம் என்னிடம் லிண்டன் வாங்குகிறாள். அவர் குறட்டையில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. சொல்லியிருப்பேன், ரொட்டிக்கடையாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

உடனே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் யோலாந்த் முடி வெட்ட வந்தாள். வழக்கம்போலச் சமையலறை நாற்காலி, கழுத்தில் துணி. வலது பக்கம் முடித்து இடது பக்கம் திரும்பப் போனேன். அவள் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். மாடிப்படி ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறதாம், வயசாயிற்று என்று சிரித்தாள். பேச்சோடு பேச்சாக,

"ஒன் சொட்டுக்குக் கோயில் கட்டணும்டி. மாத்திரை எல்லாத்தையும் தூக்கி ஓரமா வச்சுட்டேன்."

கத்தரி நின்றது. "எந்த மாத்திரையை?"

"நெஞ்சு மாத்திரைதான். வேற எது? ரெண்டு வருஷமா தின்னு தின்னு நாக்கே செத்துப் போச்சு. நீ சந்தையில காட்டினியே, அன்னையிலேருந்து தொடல."

"நான் எப்படி யோலாந்த் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்?"

"நெஞ்சுல கை வச்ச. படபடன்னு தட்டின. அப்புறம் அடங்கிப் போச்சுன்னு காட்டின. எனக்குக் கண்ணு தெரியாதா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயம் தாளம் தப்பி தீஜோன் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவள் படுக்கையருகே உட்கார்ந்திருந்தவள் நான். கீழே பார்த்தேன். செருப்புக்கு மேலே கணுக்கால் வீங்கி வழிந்துகொண்டிருந்தது.

"இப்பவே வீட்டுக்குப் போய் டாக்டருக்கு போன் பண்ணு. மாத்திரையைப் போடு."

"போடமாட்டேன்."

"போட்டாதான் மீதித் தலையை வெட்டுவேன்."

"மெரட்டறியா?"

"ஆமா, மெரட்டறேன்!"

எழுந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து என் முகத்தில் எறிந்தாள். "ஒன் சரக்கு மேல ஒனக்கே நம்பிக்கை இல்லேன்னா எதுக்குடி விக்கறே?" வலது பக்கம் காதுக்கு மேலே, இடது பக்கம் தோள்வரை. அப்படியே தெருவில் இறங்கிப் போனாள், தலையை நிமிர்த்திக்கொண்டு.

நானே டாக்டருக்கு போன் செய்தேன். அவர் அவளுக்கு போன் செய்தாராம். எடுத்ததும் வைத்துவிட்டாளாம்.

மார்ச் 27, வெள்ளி

தூக்கமில்லை. லிண்டன் குடித்தும் இல்லை.

வாயால் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. "நெஞ்சுக்கு நல்லது" என்று தொடங்கினால் "மாத்திரையை விட்டுடாதே" வரை போய்த்தான் மூச்சு விடுவேன். கைக்கு அந்த இரண்டாவது பாதி வரவில்லை. "அதோட கூட" என்பதை எப்படி நடித்துக் காட்டுவது? நான் யோசிக்கவே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள், நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்ல அந்தப் பரிசோதகர் தடை போட்டாளா? இல்லை. அதையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். கோபத்தில் வாயை முழுசாகப் பூட்டிக்கொண்டது நான்தான். சரி, ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் அதற்காக மூலையில் உட்கார்ந்து அழப் போவதில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். யோலாந்த் செத்துப்போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 28, சனி

தலையில் துணி கட்டிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"வெண்முள் ரெண்டு குடு."

"ஒனக்குக் கிடையாது."

"காசு குடுக்கறேன்ல?"

"ஊர்ல எல்லாருக்கும் உண்டு. ஒனக்கு மட்டும் கிடையாது. மாத்திரை போட்டியா?"

எல்லார் முன்னாலும் துணியை உருவினாள். "பாருங்க இவ வேலையை! பாதித் தலையோட அனுப்பிச்சிருக்கா!" சந்தையே திரும்பிப் பார்த்தது. மீன்கடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். யோலாந்துக்கு வெட்கமே இல்லை. துணியைக் கட்டாமல் அப்படியே சந்தையை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனாள். அடுத்த தெருவில் வேறு சலூன் இருக்கிறது, போய்ச் சரிசெய்துகொள்ளலாம். போகமாட்டாள். எனக்குத் தெரியும் அவளை. என்னைப் பழிக்க அந்தப் பாதித் தலையோடு புதைகுழிவரை போவாள்.

மத்தியானம் சில்வேன் ஒரு புட்டி வெண்முள் வாங்கினான். தங்கைக்கு என்றான்.

ஏப்ரல் 1, புதன்

சில்வேனுக்குத் தங்கையே கிடையாது!

அவன் வாங்கின வெண்முள் புட்டி யோலாந்தின் ஜன்னலில் இருந்தது. நேராக அவன் பால்கொட்டகைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன். "கெஞ்சினாங்க மதாம், பாவமா இருந்துச்சு" என்றான். "பாவமா? அவ செத்தா நீ போய் பாலாடைக்கட்டி படைப்பியா?" அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு விஷயமே தெரியாது. பாதித் தலைச் சண்டை ஏதோ பொம்பளைகள் சண்டை என்று நினைத்திருக்கிறான். அவன் மட்டுமா? என் கையைப் பார்த்து வாங்கிப்போன மற்றவர்கள்? அதில் இன்னும் எத்தனை பேர் மாத்திரையை ஓரமாக வைத்திருக்கிறார்களோ?

சனிக்கிழமை பேசப் போகிறேன். இடம் போனால் போகட்டும்.

ஏப்ரல் 4, சனி

பேசினேன்.

நாளைக்கு ஈஸ்டர், சந்தையில் கால் வைக்க இடமில்லை. சில்வேனின் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். கூட்டம் நடிப்புப் பார்க்கத் திரண்டது. "இன்னைக்கு நடிப்பு இல்ல" என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்த நீல ஸ்கார்ஃபைப் பார்த்தேன். முட்டைக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள் தெல்மாஸ். இன்னும் சத்தமாகப் பேசினேன்.

"வெண்முள் படபடப்புக்கு நல்லது. இதை நான் சொல்லக் கூடாது, சொல்றேன். ஆனா இது நெஞ்சு நோய்க்கு மாத்திரை இல்ல! லிண்டனும் இல்ல, அத்தியும் இல்ல, எதுவும் இல்ல. டாக்டர் குடுத்ததை நிறுத்திட்டு என் சொட்டைக் குடிக்கறவங்க புட்டியைத் திருப்பிக் குடுங்க, காசை வாங்கிக்குங்க. கை வச்சுக் காட்டினேன், அது பாதிதான் சொல்லிச்சு. மீதிப் பாதி இது. காதுல விழுந்துச்சா எல்லாருக்கும்?"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப என் சர்க்கரை மாத்திரை?" என்றார். "போடுங்க!" என்று கத்தினேன். "ரத்த அழுத்தத்துக்கு?" "போடுங்க!" இரண்டு பேர் புட்டியோடு வந்து நின்றார்கள். இரண்டு பேர். காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

தெல்மாஸ் கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள்.

"நீங்க கடைசியா சொன்ன வரிக்கு எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல மதாம். எது செய்யாதுன்னு சொல்றதுக்குத் தடையே கிடையாது. முதல் வரிக்குத்தான்."

"முதல் வரி இல்லாம கடைசி வரியை யார் நின்னு கேப்பாங்க?"

நான் சொன்னது நியாயம் என்று அவளுக்கும் தெரிந்ததை முகத்தில் பார்த்தேன். ஆனாலும் எழுதிக்கொண்டாள். இந்த மாசம் முழுக்கக் கடை போடக் கூடாது. "நான் எழுதாம இருக்க முடியாது, மதாம் ரெஜின்" என்றாள். "நான் பேசாம இருக்க முடியாதுன்னும் எழுதிக்குங்க" என்றேன்.

யோலாந்த் வரவில்லை. யாருக்காகப் பேசினேனோ அவள் மட்டும் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

காலையில் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு யோலாந்த் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஜன்னலைத் திறந்தாள்.

"என்ன வேணும்?"

"தண்ணி கொண்டாந்திருக்கேன். மாத்திரையைப் போடு."

"கடை போச்சாமே. நல்லா வேணும்."

ஜன்னலைச் சாத்தினாள். கிளாஸை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மறுபடி போனேன். நேற்றைய தண்ணீரை என் செருப்பில் ஊற்றினாள். இன்றைய கிளாஸை வைத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

தினமும் போகிறேன். மழையிலும் போனேன். தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். கடை இல்லாததால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, அவளுக்குத்தான் அது கஷ்டம்.

இன்றைக்கு ஜன்னலைத் திறந்தபோது ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல முடியவில்லை அவளால். "போ" என்றாள், மூச்சு வாங்கினாள், "டீ" என்றாள். டாக்டர் நேற்று வந்து கதவைத் தட்டினாராம், தோட்டத்தில் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்ல வைத்தாளாம். மகன் லியோனிலிருந்து பேசினானாம், அவனையும் திட்டினாளாம். வீடு அவளுடையது, நெஞ்சு அவளுடையது, யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்கிறார் டாக்டர். ஆனால் இந்த முறை "செடித் தண்ணி" என்று சொல்லவில்லை. "நீங்க தினமும் போங்க, நிறுத்தாதீங்க" என்றார்.

ஏப்ரல் 16, வியாழன்

ஜன்னல் திறக்கவில்லை. கூப்பிட்டேன், தட்டினேன். கிளாஸைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கக் கதவை உடைக்கச் சொல்லி தெருவில் பால்வண்டியோடு வந்த சில்வேனைக் கத்தி அழைத்தேன். சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு நீலமாக. கண் திறந்திருந்தது. என்னைத் திட்டக்கூட மூச்சில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். திட்டுடி, ஏதாவது திட்டுடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தீஜோனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

தெரியவில்லை. இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிழைத்துவிட்டாள்.

சில்வேன் வண்டியில் கூட்டிப்போனான். என்னை உள்ளே விடவில்லை, யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நடைபாதையில் நின்றேன். ஒரு நர்ஸ் வந்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். என்ன சொல்வது? "முடி வெட்டறவ" என்றேன்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, நீங்கதானா? அவங்க தலையைப் பார்க்கவே சகிக்கல. கொஞ்சம் சமமா வெட்டி விடறேன்னு ரெண்டு தடவை சொன்னேன். கையைத் தட்டி விட்டுட்டாங்க. அதுக்கு ஊர்ல ஒருத்தி இருக்கா, நீ தொடாதேன்னாங்க."

நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஏப்ரல் 25, சனி

சந்தை நாள். வீட்டில் உட்கார்ந்து புட்டிக்குச் சீட்டு ஒட்டினேன். சீட்டில் செடிப் பெயர் மட்டும்.

ஏப்ரல் 29, புதன்

கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நெஞ்சில் கை. பிறகு வாயில் மாத்திரையைப் போட்டு விழுங்குவதுபோல். பிறகு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி வைத்து உயர்த்திக் காட்டுவது: இது அதோட கூட. சில்வேன் பார்த்துவிட்டு, "சிகரெட் கேக்கற மாதிரி இருக்கு" என்றான். இருந்தாலும் விடப் போவதில்லை. கையும் பேசும், வாயும் பேசும். "மாத்திரையை விட்டுடாதே" என்று சொல்ல எந்த தெல்மாஸும் தடுக்க முடியாது, அவளே சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை கடை போடுகிறேன்.

மே 1, வெள்ளி

காலையில் கதவு தட்டும் சத்தம். மே முதல் நாள் வழக்கப்படி யாராவது வெள்ளை மணிப்பூக் கொத்தோடு வந்திருப்பார்கள் என்று திறந்தேன். யோலாந்த் நின்றாள். கையில் பூ இல்லை. மெலிந்திருந்தாள், கணுக்கால் வற்றியிருந்தது. வலது பக்கம் கொஞ்சம் வளர்ந்திருந்தது, இடது பக்கம் அப்படியே தொங்கியது.

நேராக உள்ளே வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்தில் துணியைக் கட்டினேன். கத்தரியை எடுத்தேன், எடுத்தபடியே நின்றேன்.

"என்னடி பார்க்கறே?"

"ஒனக்குத் தெரியும்."

முணுமுணுத்துக்கொண்டே துணிக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். மாத்திரை அட்டை. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். நான் கிளாஸில் தண்ணீர் பிடித்து நீட்டினேன், அந்த ஜன்னல் திட்டில் வைத்த கிளாஸ்களில் ஒன்றுதான். விழுங்கினாள். நாக்கை நீட்டிக் காட்டினாள், பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல.

"டாக்டர்கிட்ட நானே கேட்டேன். வெண்முள் இப்போதைக்கு வேணாமாம். ராத்திரி லிண்டன் போட்டுக்கலாமாம். ஒண்ணு எடுத்து வை."

"என்னத்தோட?"

யோலாந்த் என்னை முறைத்தாள். அதற்குள் இன்னொரு மடக்குத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள், பேச முடியவில்லை. நெஞ்சில் கை வைத்தாள். பிறகு இரண்டு விரலை ஒட்டி உயர்த்தினாள். சில்வேன் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், தடியன்.

இடது பக்கத்தை வெட்டினேன்.

நாளைக்குச் சந்தை.